கஜகஸ்தானில் இருக்க வேண்டியவர்கள் நெய் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்

காலையில் காந்தி மார்க்கெட்டில் வாழைத்தாரை இறக்கிவிட்டு, தோசைக்காகத் திருவானைக்காவல் பஸ் ஏறினேன். எனக்குச் சர்க்கரை உண்டு, வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

ஓட்டலில் மூலை மேசையில் என் தங்கை மகனும் அவன் பெண்டாட்டியும் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் கஜகஸ்தானில் டீச்சர்கள். ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறார்கள் என்று தங்கை ஏர்போர்ட்டுக்கு வேன் பேசி வைத்திருக்கிறாள்.

நேராக அவர்கள் மேசைக்குப் போய் நின்றேன்.

"உக்காருங்க மாமா. போன லீவு பூரா சொந்தக்காரங்க வீட்டு விருந்துலயே போச்சு. தூங்கக்கூட முடியல. அதான் இந்தத் தடவை முன்னாடியே வந்து ஸ்ரீரங்கத்துல ரூம் போட்டுட்டோம்" என்றான்.

"அத்தைக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க மாமா" என்றாள் அந்தப் பெண்.

அந்த நேரம் பார்த்துத் தங்கையிடமிருந்து போன்.

"அண்ணே, புள்ளைங்க காலையில பேசுனாங்க. அங்க ஒரே பனியாம். என்னத்த சாப்புடுதுங்களோ, பாவம்."

அந்தப் பெண் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"நல்லாத்தான் சாப்புடுவாங்கம்மா, கவலப்படாத" என்றேன்.

தங்கைக்கு பேஸ்புக் கிடையாது, அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏர்போர்ட்டில் "இப்படி எளச்சுப் போயிட்டீங்களே" என்று அவள் அழும்போது, நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது?