இருபத்துநாலாம் மாடியில் எஸ்தர்

லிஃப்ட் கிளம்பியதும் எஸ்தர் கண்ணை மூடி வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். பயமெல்லாம் இல்லை. "நாம மேல போயிருவோம். வயிறு மட்டும் கீழயே நின்னுட்டு, பொறவு தொரத்திக்கிட்டு வரும். அதாம்ட்டி மஜா" என்பாள், பக்கத்து வீட்டு மும்தாஜிடம்.

வாரம் முழுக்க அவளுக்குப் பூனாவின் விமான் நகரில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. தரைக்கு அடியில், ஜன்னலே இல்லாத இடம். ஆவியும் போர்வையுமாகவே பொழுது போய்விடும். ஞாயிறு சர்ச் முடிந்ததும் ஆள் மாறிவிடுவாள். மாம்பழ நிறப் பட்டுச்சேலை, கறுப்புக் கண்ணாடி. கராடியில் புதிதாக எழும்பும் அடுக்குமாடி எதன் வாசலிலாவது ரிக்‌ஷாவிலிருந்து இறங்கி, வீடு பார்க்க வந்ததாகச் சொல்வாள். "பையன் துபாயில் இருக்கான், அவனுக்குத்தான்" என்று இந்தியில் அள்ளிவிடுவாள். அவளுக்கு இரண்டும் பெண்கள்.

சமையலறையைக் காட்ட வந்தால் "பாத் மே, பாத் மே", அப்புறம் பார்க்கலாம் என்று கையை வீசிவிட்டு கேலரிக்கு ஓடுவாள். பூனாக்காரர்களுக்குப் பால்கனி கேலரிதான்.

போன ஞாயிறு ஏறியது இருபத்துநாலாம் மாடி. காற்று கன்னத்தில் அறைந்தது. கீழே ஆறு வெள்ளி ஜரிகையாய்க் கிடந்தது. தூரத்தில் மலைகள், நடுவே தீப்பெட்டி தீப்பெட்டியாய் ஊர். தரையிறங்க வந்த விமானம் ஒன்று கண்ணுக்கு நேராகப் போக, எஸ்தருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மும்தாஜுக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, பிளேன்காரன் மூஞ்சி தெரியுது! நீ மொட்டமாடிக்குப் போயி எதையாச்சும் ஆட்டு, பாப்போம்... வீடு வாங்கவா? நம்ம மூஞ்சிக்கா? சும்மா பாக்கத்தாம்ட்டி வந்தேன்!"

"ஆன்ட்டி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நானும் தமிழ்தாங்க. கோயம்புத்தூர்."

வீடு காட்ட வந்த பெண், பார்கவி. போனில் பேசியதெல்லாம் அவளுக்குப் புரிந்திருக்கும். இவள் கீழே ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாட்ச்மேன் முன்னால் மானம் போகும், இனி எந்த வாசலிலும் ஏறமுடியாது. கண்ணாடியைக் கழற்றினாள்.

"கோவிச்சுக்காதம்மா. நான் இறங்கிப் போயிருதேன்."

பார்கவி கம்பியருகே வந்தாள். "மூணு மாசமா இங்க வேலை செய்யறனுங்க. வர்றவங்க மூஞ்சியத்தான் பார்த்துட்டு நிப்பேன். வெளிய பார்த்ததே இல்ல." எட்டிப் பார்த்தவள் "அய்யோ!" என்று எஸ்தரின் கையை இறுகப் பற்றினாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க வீடு எதுங்க?"

"அந்தா, ஏரவாடா. நீலத் தகரமா கெடக்குல்லா, அதுக்கு அங்கிட்டு."

போனில் மும்தாஜ் கத்தினாள்: "எக்கா, சிவப்புப் போர்வைய ஆட்டுதேன், கை வலிக்கி! தெரியுதா?"

"தெரியுதுட்டி!" என்றாள் எஸ்தர். ஒரு மண்ணும் தெரியவில்லை.

பார்கவியின் போனும் அடித்தது. கீழேயிருந்து மேலாளர் முகுந்த். அவள் எஸ்தரைப் பார்த்தாள். "மேடத்துக்கு வ்யூ ரொம்பப் பிடிச்சிருக்கு, சார். இன்னும் கொஞ்சம் டைம் ஆகும்" என்று இந்தியில் சொல்லிவிட்டு வைத்தாள்.

எஸ்தர் அதற்குள் தோளில் குத்தியிருந்த பின்னைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு, முந்தானையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்து, ஏரவாடாவைப் பார்த்து வீசத் தொடங்கியிருந்தாள்.