ஒரு லட்சம் பற்கள்

கிளாவரையில் சாலை முடிகிறது. கொடைக்கானலிலிருந்து வரும் பேருந்து அங்கே திருப்பி நிறுத்தப்படும். அதற்கப்பால் காடு, காட்டுக்கு அப்பால் கேரளம். உலகம் பார்க்கக் கிளம்பும் கிளாவரைக்காரர் யாராக இருந்தாலும், பேருந்து வந்த வழியே திரும்பித்தான் போக வேண்டும்.

கைப்பேசிக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய மணியனின் பூண்டுக் காட்டில் ஆக மேலே இருக்கும் அடுக்குக்கு ஏறிவிட்டால் கேரளத்துக் கோபுரம் சிக்னலைக் கொடுக்கும். ‘கேரளாவுக்கு நல்வரவு’ என்று மலையாளத்தில் செய்தி வரும். ஓர் அடுக்கு கீழே இறங்கினால் கேரளமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. மணியனின் மகள் வேலுத்தாய் நெதர்லாந்துக்கு முதல் அடி எடுத்து வைத்தது இந்த மேல் அடுக்கிலிருந்துதான்.

வேலுத்தாய்க்கு இருபத்திரண்டு வயது. மதுரையில் அவள் தாவரவியல் படித்த கல்லூரியில் அந்தப் பெயர் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. தோழிகள் ‘வேலு’ என்று சுருக்கினார்கள். அதை நம்பிய அலுவலகம் இரண்டாம் வருடம் அவளுக்கு ஆண்கள் விடுதியில் அறை ஒதுக்கியது. அவள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, அறையைத்தான் மாற்றச் சொன்னாள். எந்த இடத்தில் பிடிவாதம் பிடிக்க வேண்டும் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

படித்ததெல்லாம் பூண்டுக்காக. ஊரில் வேரழுகல் வந்த வருடம் பச்சையாக நின்ற பாத்திகள் பத்தே நாளில் மஞ்சளாகச் சாய்ந்ததை அவள் பார்த்திருக்கிறாள். நோய் இல்லாத விதைப்பூண்டை எப்படி உண்டாக்குவது என்று கற்றுத்தரும் இரண்டு வருட முதுகலைப் படிப்பு நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தது. விண்ணப்பித்தாள். இடமும் கிடைத்தது. ஆனால் உதவித்தொகைக்குத் தனியாக ஒரு நேர்காணல். அது கிடைக்காவிட்டால் கிடைத்த இடம் காகிதத்தோடு சரி. பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள், இரண்டு பேருக்குத்தான் கொடுப்பார்கள்.

இந்த நிலையில்தான் பிரியா அந்தக் கடிதத்தைப் படித்தாள்.

பிரியா பெரியப்பா மகள். கொடைக்கானலில் ஏரிக்குப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் வரவேற்பில் வேலை. குடும்பத்தின் ஆங்கிலம் மொத்தமும் அவள் பொறுப்பில் இருந்தது. விண்ணப்பத்தோடு அனுப்பிய கடிதத்தை வேலுத்தாய் அவளிடம் காட்டவில்லை. அனுப்பி மூன்று மாதம் கழித்து, நேர்காணலுக்குத் தயார் செய்ய வேண்டுமே என்று காட்டினாள். அரைமணி நேரத்தில் அழைப்பு வந்தது.

“ஏண்டி, உங்கம்மாவை ஜெயிலுக்கு அனுப்பப் போறியா?”

“என்னக்கா?”

“செகண்ட் பாரா. படிக்கிறேன் கேளு.” பிரியா ஆங்கிலத்தில் படித்தாள். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘என் அம்மா ஒவ்வொரு வருடமும் ஒரு லட்சம் பற்களைத் தன் கையாலேயே உடைக்கிறார். என் அப்பா அவற்றை மண்ணில் புதைக்கிறார். சிறு வயது முதலே நானும் இதில் உதவி வருகிறேன்.’

“பூண்டுப் பல்லுக்கா அது.”

“எனக்குத் தெரியுது. வெள்ளைக்காரனுக்குத் தெரியுமா? பூண்டுப் பல்லுக்கு இங்கிலீஷ்ல க்ளோவ்னு ஒரு வேர்டு இருக்கு, தெரியாதா உனக்கு?”

தெரியும். தெரிந்ததுதான் வினை. பள்ளியில் மொழிபெயர்ப்புக் கேள்வி ஒன்றில் ‘க்ளோவ்’ என்ற சொல் வர, பூண்டுக்காரி மகள் யோசிக்காமல் ‘பூண்டுப் பல்’ என்று எழுதினாள். ‘கிராம்பு’ என்று சிவப்பு மையால் அடித்து ஒரு மதிப்பெண் குறைத்தார் ஆசிரியர். அன்றிலிருந்து வேலுத்தாய்க்கு க்ளோவ் என்றால் கிராம்பு மட்டும்தான். பாடப்புத்தகத்தில் பூண்டுக்கு அந்தச் சொல்லைப் பார்த்தபோதும் சந்தேகம் தீரவில்லை. அப்பா கிராம்பு நடுகிறார் என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதையில்தான் ஆங்கிலத்தில் ‘டீத்’ என்றே எழுதினாள்.

“இன்டர்வியூ மெயில்ல என்ன போட்டிருக்காங்க பார்த்தியா? உங்க லெட்டர்ல சில விஷயம் எங்களுக்கு ஆர்வமா இருந்துச்சு, அதைப் பத்திக் கேப்போம்னு. ஆர்வம் போலீஸ்காரங்களுக்குந்தான் வரும்! முதல் வேலையா சாரி சொல்லு. நான் கரெக்ட் பண்ணித் தர்றேன், அந்த லெட்டரை அனுப்பிரு.”

விஷயம் வீட்டுக்குத் தெரிந்தபோது அம்மா சின்னத்தாயி விதைப்பூண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நகத்தில் துணி சுற்றியிருந்தது. “நெசமாவே என் பேரைப் போட்டா எழுதியிருக்க?” என்றாள்.

“பேரு போடலம்மா. அம்மான்னுதான்.”

“அப்ப சரி.” அடுத்த பூண்டை எடுத்தாள்.

நேர்காணல் மே மாதத்தில், மதியம் ஒன்றரை மணிக்கு. அங்கே காலை பத்து. ஓட்டலுக்கு வந்து பேசு, அங்கே இணையம் நன்றாக இருக்கும் என்று பிரியா முதலில் சொல்லியிருந்தாள். ஆனால் அது சீசன். ஊட்டியில் இடம் கிடைக்காதவர்களும் கிடைத்தவர்களும் கொடைக்கானலுக்கு வந்திருந்தார்கள். பேருந்து பூம்பாறை வரை வந்து நகராமல் நின்ற கதைகள் தினமும் வந்தன. ஓட்டல் இணையத்தில் நூற்றிருபது விருந்தினர்கள் மூடுபனியைப் பதிவேற்றிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவோடு பேசுவதற்கு நகரத்தைவிடக் காடே வசதி என்று முடிவாயிற்று.

பூண்டு நடவும் அதே வாரம். அன்று வெள்ளனே எழுந்து மணியன் கீழ் அடுக்கில் நடவைத் தொடங்கிவிட்டார். கூலிக்கு நட வந்த ஜக்கம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் பாத்தியில் குனிந்திருந்தார்கள். மேல் அடுக்கில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் முன் கவிழ்த்த கூடை, கூடை மேல் கைப்பேசி. இடுப்புக்கு மேலே நல்ல நீலச் சட்டை, கீழே சேறு பட்ட கால்சட்டை. வேலுத்தாய் பதினொரு மணியிலிருந்து உட்கார்வதும் எழுவதுமாக இருந்தாள்.

“ஒன்றரைக்குத்தான புள்ள? இப்பவே எதுக்குக் குரங்கு மாதிரி ஏறி எறங்குற?” என்றார் மணியன்.

“சிக்னல் இருக்கான்னு பாக்கேன்.”

“அது இருக்கும். நீ ஒரு எடத்துல இரு.”

ஒன்றரைக்குத் திரையில் இரண்டு முகங்கள் வந்தன. ஹெண்ட்ரிக் என்ற டச்சுக்காரர், நெடிய ஆள், தலைமை தாங்குபவர். பக்கத்தில் பிலார் என்ற ஸ்பெயின்காரப் பெண்மணி, மண்ணியல் பேராசிரியர். வணக்கம் சொல்லி முடித்ததுமே ஹெண்ட்ரிக் தொடங்கினார்: “உங்கள் கடிதத்தில் இரண்டாவது பத்தி...”

“மன்னிக்க வேண்டும்!” வேலுத்தாய் மூச்சு விடாமல் கொட்டினாள். “அது தவறான சொல். எங்கள் மொழியில் பூண்டுப் பல் என்போம். அம்மா யாரையும் அடிப்பதில்லை. திருத்திய கடிதம் தயாராக இருக்கிறது.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிலார் முன்னால் சாய்ந்தார். “எதற்குத் திருத்த வேண்டும்? எங்கள் ஊரிலும் அது பல்தான். தியென்தே. என் தாத்தா பூண்டு விவசாயி. உங்கள் கடிதத்தை ஒரே மூச்சில் படித்தது நான்தான்.”

“எனக்கு அது புரியாமல்தான் கேட்கிறேன்,” என்றார் ஹெண்ட்ரிக். “பல் எப்படி வந்தது? டச்சு மொழியில் அது கால் விரல். சின்னக் கால் விரல்.”

“பல்லைப் போலத்தானே இருக்கிறது?” என்றார் பிலார்.

“வரிசையாக, சாய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி. விரல்தான்.”

தன்னுடைய நேர்காணல் தன்னை விட்டுவிட்டுத் தானாக நடப்பதை வேலுத்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் ஏதோ குறுகுறுவென்று பொங்கியது. “ஒரு நிமிடம், காட்டுகிறேன்,” என்றாள். கைப்பேசியைக் கீழே கொண்டுபோனால் சிக்னல் போய்விடும். பூண்டுதான் மேலே வர வேண்டும்.

“அப்பா! ஒரு கை பல்லு அள்ளிக்கிட்டு மேல வாங்க, வெரசா!”

மணியன் தலைத்துண்டும் சேற்றுக் கையுமாக வந்து, திரையை உற்றுப் பார்த்து, கும்பிடு போட்டு, பல் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். “என்னவாம்?”

“நம்ம பல்லை அந்த சார் ஊர்ல கால் விரலுங்காங்கப்பா.”

“விரலா?” மணியன் ஹெண்ட்ரிக்கைப் பரிதாபமாகப் பார்த்தார். “எந்த ஊர்ல புள்ள விரல்ல வேர் விடுது?”

வேலுத்தாய் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். பிலார் மேசையைத் தட்டிச் சிரித்தார். ஹெண்ட்ரிக் விடவில்லை: “பல்லில் மட்டும் வேர் விடுமா?”

“பல்லுக்கு வேர் உண்டுல்ல? பிடுங்குனவனுக்குத் தெரியும்,” என்றார் மணியன். அதையும் சொன்னாள். டச்சு மொழி அத்தோடு தோற்றது.

அப்புறம்தான் உண்மையான கேள்விகள். பல்லைத் தலைகீழாக நட்டால் என்ன ஆகும்? கழுத்து வளைந்து வரும், பூண்டு கோணலாக இருக்கும். அழுகிய பாத்தியில் மறு வருடம் என்ன நட்டீர்கள்? உருளைக்கிழங்கு, ஆனாலும் மூன்றாம் வருடப் பூண்டில் நோய் திரும்ப வந்தது. ஏன் என்று நினைக்கிறீர்கள்? இந்தக் கேள்விக்குத்தான் அவள் நான்கு வருடமாகக் காத்திருந்தாள். மண்ணில் காத்துக்கிடக்கும் பூஞ்சையைப் பற்றி, அடுக்குக்கு அடுக்கு வழியும் தண்ணீரைப் பற்றி, ஊரில் கைமாறும் விதையைப் பற்றிக் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினாள். பிலார் எழுதிக்கொண்டே இருந்தார். மணியன் போகாமல் பக்கத்திலேயே நின்றார். புரிந்த சொல் ‘பொட்டேட்டோ’ ஒன்றுதான், அதற்குத் தலையாட்டினார்.

“கடைசியாக ஒரு கேள்வி,” என்றார் ஹெண்ட்ரிக். “படித்து முடித்த பின்...”

மலைமேலிருந்து மூடுபனி இறங்கியது. முகங்கள் கட்டம் கட்டமாக உறைந்தன. திரையில் செய்தி ஒன்று மட்டும் வந்தது: கேரளாவுக்கு நல்வரவு.

அன்று சாயங்காலம் சிக்னல் வந்ததும் மன்னிப்பும், கேட்காமல் போன கேள்விக்கு ஊகித்த பதிலும், எதற்கும் இருக்கட்டும் என்று பிரியா திருத்திய கடிதமும் போயின. அடுத்த நான்கு நாட்கள் வேலுத்தாய் மேல் அடுக்குக்கு எத்தனை தடவை ஏறினாள் என்று ஜக்கம்மாள் எண்ணப் பார்த்து விட்டுவிட்டாள். “நாம நடுறதுக்குள்ள இவ நெதர்லாந்துக்கு நடந்தே போயிருவா,” என்றாள்.

ஐந்தாம் நாள் நடவு மேல் அடுக்குக்கு வந்திருந்தது. மணியன் கடைசிப் பாத்தியை முடித்து நிமிரும்போது கைப்பேசி மணியடித்தது. வேலுத்தாய் படித்தாள். திரும்ப ஒரு முறை படித்தாள். பிறகு பிரியாவை அழைத்தாள்.

“அக்கா, கிடைச்சிருச்சு! முழுசும்! செப்டம்பர்ல வரச் சொல்றாங்க!”

ஓட்டல் வரவேற்பறை என்பதையும் மறந்து பிரியா கத்தியது அடுக்கு முழுக்கக் கேட்டது. மூச்சு வாங்கியதும் கேட்டாள்: “நான் திருத்துன லெட்டர்?”

“வந்துச்சாம். ஃபைல்ல பழசையே வச்சிருக்காங்களாம். அதுதான் சரியா இருக்காம்.”

“இங்கிலீஷ்காரங்க இல்லேல்ல அவங்க,” என்றாள் பிரியா. “அதான்.”

வேலுத்தாய் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. கைப்பேசியை ஒரு கையில் பிடித்தபடி, இன்னொரு கையை வானத்தில் வீசி, நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள். ஜக்கம்மாள் குலவையிட்டாள். மணியனுக்கும் முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் அவர் கண் மகளின் காலடியில் இருந்தது. அது சற்று முன்புதான் நட்டு முடித்த பாத்தி.

“ஏ புள்ள!” என்று கத்தினார். “விரலை எடு! என் பல்லு மேல நிக்கிற!”

வேலுத்தாய் வரப்புக்குத் தாவினாள். அங்கே குதித்தாள்.