தவிட்டம்மா உடைக்கும் முதல் கொட்டை

காசிபுக்காவில் துர்காராவின் முந்திரிக் கம்பெனியில் ஒவ்வொரு பருவத்துக்கும் முதல் கொட்டையை உடைப்பது தவிட்டம்மாதான். டிரம்மில் வறுபட்டு ஓடு கறுத்துப் புகைந்துகொண்டிருக்கும்போதே ஒன்றை எடுத்து, கல்லில் வைத்து, மரச்சுத்தியால் ஒரே தட்டு. பருப்பு உடையாமல் முழுசாக வந்தால் அந்த வருஷம் நல்ல போணி. ஓட்டிலிருந்து கசியும் கறுப்பு எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். அதனால் நாங்கள் எல்லோரும் கையில் ஆமணக்கெண்ணெய் தடவி, சாம்பல் பூசிக்கொண்டுதான் உட்காருவோம். அப்படியும் என் விரல்களைப் பார்த்தால் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டீர்கள். தவிட்டம்மா வெறும் கையால் எடுப்பாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது.

துர்காராவ் கற்பூரம் காட்டிவிட்டு, "தெய்வக் கைடா இது" என்று லாரிக்காரனிடம் பெருமையடிப்பார். அவள் இடதுகைக்காரி. சுத்தி இடது கையில், கொட்டை வலது கையில். வலது கையாக இருந்ததால் சகுனத்துக்கும் குறை இல்லை. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நானும் ஒற்றியிருக்கிறேன்.

நான் பங்காரம். அவளுக்கு அடுத்த கல் என்னுடையது. ஒரே தெருவும்கூட. அவள் என்னை மதினி என்பாள், சொந்தம் என்று எதுவும் கிடையாது. அவள் புருஷன் குஜராத்துப் பக்கம் படகில் மீன் பிடிக்கப் போனவன், பண்டிகைக்கு வருவான், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். அவளுக்கு முன்னால் பிறந்ததெல்லாம் காய்ச்சல், பேதி என்று ஒவ்வொன்றாகப் போய்விட்டதால், இவள் பிறந்ததும் அம்மாக்காரி இவளை அடுத்த வீட்டில் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கியிருக்கிறாள். தவிட்டுக்கு வாங்கினதை எமன் சீந்த மாட்டானாம். எங்கள் பக்கம் இந்தப் பெயர் வீதிக்கு ஒன்று இருக்கும். அவளும் ஒரு தலைவலி, ஜலதோஷம் இல்லாமல்தான் வளர்ந்தாள். எதற்கும் அழமாட்டாள், எதற்கும் பெரிதாகச் சிரிக்கவும் மாட்டாள். அவளிடம் பேசிக்கொண்டிருப்பது சில நாள் சுவரோடு பேசுகிற மாதிரிதான் இருக்கும். ஆனாலும் அவள் இல்லாத நாளில் எனக்கு வேலை ஓடாது.

ஒரு நாள் மத்தியானம் உடைத்துக்கொண்டிருக்கும்போது ஏதோ கருகுகிற வாசனை வந்தது.

"எவடி கருவாடு சுடறது?" என்று கத்தினேன். "கம்பெனிக்குள்ள சோத்துக் கடை போட்டுட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். தவிட்டம்மாவும் திரும்பிப் பார்த்து, "எனக்கும் அடிக்குது மதினி" என்றாள். அப்போதுதான் பார்த்தேன். சிவந்து கனன்ற ஓட்டுத்துண்டு ஒன்று அவளுடைய வலது உள்ளங்கையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்துதான் புகை. அவள் கையை உதறவில்லை. நான் பார்க்கிற இடத்தை அவளும் பார்த்தாள், பிறகு சுத்தியின் நுனியால் அதை நெம்பித் தள்ளினாள். அடியில் சதை வெள்ளையாகத் தெரிந்தது.

அந்த வாரமே, தெருத் தெருவாக எல்லோர் தோலையும் சோதித்துக்கொண்டு வந்த சுகாதார ஊழியப் பெண்ணை நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் தவிட்டம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பேனா முனையால் இங்கும் அங்கும் தொட்டாள். முன்கையில் வெளுத்துக் கிடந்த தேமல் மாதிரி ஒரு திட்டு, விரல்கள், உள்ளங்கை. எங்கே தொட்டாலும் தவிட்டம்மா பேசாமல் இருந்தாள். அந்தப் பெண் எப்போது தொட ஆரம்பிக்கப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதும்மா, கண்ணத் திற" என்றாள் அந்தப் பெண்.

குஷ்டம் என்று சொன்னார்கள். எங்கள் ஊரில் அதைப் பெரிய ரோகம் என்போம். தெய்வக் கை ஒரே நாளில் ரோகக் கையாகிவிட்டது. கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் போய்க் கண்ணைக் கழுவினார்கள், என் கண்ணால் பார்த்தேன். துர்காராவ் முகம் கொடுத்துப் பேசாமல், "கை சரியானதும் வா" என்று மட்டும் சொன்னார். மாத்திரை விழுங்க ஆரம்பித்த பிறகு அது யாருக்கும் பரவாது என்று ஊழியப் பெண் வந்து அடித்துச் சொன்னாள். யார் கேட்டார்கள்? எனக்கு வந்த கோபத்துக்கு அங்கே நாலு பேரின் கொண்டையைப் பிடித்து ஆட்டியிருக்க வேண்டும். கூலி போய்விடுமே என்று உட்கார்ந்து கொட்டை உடைத்தேன்.

தவிட்டம்மா அதற்கும் அழவில்லை. மாத்திரை அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்து ஒழுங்காக விழுங்கினாள். "ஒண்ணுக்குச் செவப்பாப் போவுது மதினி, தோலும் கறுக்குது. இன்னும் கொஞ்ச நாள்ல நானே ஒரு முந்திரிக்கொட்ட ஆயிடுவேன்" என்றாள். அவள் அடித்த ஜோக் என்று எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

சில மாதம் போயிருக்கும். திட்டு திடீரென்று சிவந்து தடித்தது. கை வீங்கியது. முழங்கை மூட்டுக்குப் பின்னால் தொட்டால் மின்சாரம் அடிக்கிற மாதிரி வலி. பிறந்ததிலிருந்து வலி என்ற வார்த்தையைச் சொல்லாதவள் சுவரில் சாய்ந்துகொண்டு முனகினாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கத் தொடங்கின. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழுந்தது.

தெருவில் எல்லாரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். சும்மா கிடந்த கையை மாத்திரை கெடுத்துவிட்டது. அவளும் அதைத்தான் நினைத்தாள்.

"மாத்திர திங்கறதுக்கு முன்னாடி ஒரு வலி உண்டா, வீக்கம் உண்டா? நல்லாத்தானே இருந்தேன்?" என்றவள் அட்டையைத் தூக்கிக் கூரைமேல் எறிந்தாள்.

"நல்லா இருந்தியா? கை வெந்து நாறினது தெரியாம உக்காந்திருந்தியே, அதுக்குப் பேரு நல்லா இருக்கறதா?" என்றேன்.

"வலிக்கல இல்ல?"

மறுநாள் ஆட்டோ பிடித்து, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்துவிட்டுக் கைப்பயிற்சி கொடுக்கும் சூரிபாபுவிடம் அனுப்பினார். சூரிபாபு தொந்தி வைத்த மனுஷன், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். அன்றைக்கு அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"மாத்திர தப்பு பண்ணலம்மா. கிருமியக் கொன்னுடுச்சு" என்றான். "இப்ப ஒன் கைய அடிக்கறது கிருமி இல்ல. ஒன் சொந்த ஆளுங்க."

"எந்த ஆளுங்க?" என்றாள் தவிட்டம்மா.

"ரத்தத்துல காவல்காரங்க இருக்காங்க இல்ல? வெளியாள் வந்தா அடிச்சுத் தொரத்தறவங்க. இந்தக் கிருமி சாமானியப்பட்டதில்ல. சத்தம் போடாது, சொரம் குடுக்காது, போயி நரம்புக்குள்ள படுத்துக்கும். வருசக் கணக்கா படுத்திருக்கும். காவல்காரங்க கண்ணுக்கு அது ஆளாவே தெரியல. மாத்திர அத ஒடச்சுப் போட்டதும்தான் துண்டு துண்டா வெளிய தெரியுது. இத்தன நாளா உள்ளயே இருந்தியாடான்னு மொத்தக் கும்பலும் எகிறிக் குதிச்சு வருது. நரம்பு சின்னச் சந்தும்மா. ஒரு திருடனப் பிடிக்க ஊரே சந்துக்குள்ள புகுந்தா என்ன ஆவும்? திருடன் செத்துக் கெடக்கான், கூட்டம் கலைய மாட்டேங்குது, சந்துல குடியிருக்கறவன் நசுங்கறான்."

தவிட்டம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு அவளுடைய பெயர் ஞாபகம் வந்தது. தவிடு என்று பேர் வைத்து எமனை ஏமாற்றினார்கள். கிருமியும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது, ஒன்றுக்கும் உதவாதது மாதிரி உள்ளே வந்து படுத்துவிட்டது.

"அவ பக்கத்துலதான் நானும் உக்காந்திருக்கேன். ஒரே காத்து, ஒரே சொம்புத் தண்ணி. எனக்கு ஏன் வரல?" என்று கேட்டேன்.

"வந்திருக்கும். ஒங்களுக்குத் தெரியாது. பெரும்பாலான பேருக்கு உடம்பே பாத்து, அடையாளம் கண்டு, சத்தமில்லாம முடிச்சிடும். ஒங்க உள்ள சண்ட நடந்து முடிஞ்சே பல வருசம் ஆயிருக்கலாம்."

எனக்குள்ளே ஒரு சண்டை நடந்து நான் ஜெயித்திருக்கிறேன், அன்றைக்கு நான் என்ன குழம்பு வைத்தேன் என்றுகூடத் தெரியாது. இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. கண்ணைக் கழுவிக்கொண்ட அந்தப் பெண்களுடைய சாமர்த்தியமும் இல்லை. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"என் ஆளுங்களே என்ன அடிக்கறாங்கன்னா, நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?" என்றாள் தவிட்டம்மா.

"அதுக்குத்தான் வேற மாத்திர. கூட்டத்தக் கலைக்கறதுக்கு. முகம் வீங்கும், கண்டபடி பசிக்கும், சக்கரை ஏறும். காவல் குறையறதால சளி, புண்ணு எதுவும் வராமப் பாத்துக்கணும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைப்போம், நீயா நிறுத்தினா கை போயிடும். பழைய மாத்திரையையும் விடக் கூடாது. சீக்கிரம் வந்திருக்கே, நரம்பு பொழைக்க வாய்ப்பு இருக்கு. பொழைக்காமலும் போவலாம்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. அதனால் நம்பினேன்.

கூரையிலிருந்து அட்டையை நானே ஏறி எடுத்தேன். அவள் பழையது, புதியது இரண்டு வகை மாத்திரையையும் விழுங்கினாள். முகம் பூசணிக்காயாக உப்பியது. கையைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுவதும், மடங்கிய விரல்களை மடியில் வைத்து நீவி நிமிர்த்துவதும், இதுதான் வேலை. வீக்கம் வடிந்தது, வலியும் போனது. வலி போன பிறகு அவள் பழையபடி சுவராகிவிட்டாள். ஊறிய கையை அவளும் நானும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். அது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. எனக்கும் ஒன்றும் தோன்றாத நாட்கள் அவை. காலையில் கொட்டை, சாயங்காலம் அந்தக் கை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் சூரிபாபு அவளைக் கண்ணை மூடச் சொல்லி நைலான் இழையால் தொடுவான். "தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப?"

"தெரியுது."

"நான் தொடவே இல்லையேம்மா!" என்று தொந்தி குலுங்கச் சிரிப்பான். பிறகு என்னிடம், "இவ சொல்றத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பொறுத்துப் பாக்கலாம். சூடானது எதையும் வெறுங்கையால தொடவே கூடாது, கண்ணால பாத்துத்தான் எடுக்கணும்" என்பான்.

அடுத்த பருவம் வந்தது. அவள் இல்லாத சமயத்தில் பருப்பு அதிகமாக நொறுங்கிவிட்டது என்று துர்காராவுக்கு ஒரு எண்ணம். ரோகம் தொற்றாது என்று ஊழியப் பெண் சொன்னதுகூட அவருக்குத் திடீரென்று நினைவு வந்துவிட்டது. ஆள் அனுப்பினார். "போணிக்கு மட்டுமாவது வரச் சொல்லு. அந்தக் கைராசி வேற யாருக்கும் வராது."

"போகாத" என்றேன். "சூரிபாபு என்ன சொன்னான்? மறுபடி வெந்துக்கப் போறியா?"

"போறேன் மதினி" என்றாள். குளித்து, மஞ்சள் பூசி, புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். சுண்டுவிரல் மட்டும் இன்னும் மடங்கியே இருந்தது.

கற்பூரம் காட்டினார்கள். டிரம்மைக் கவிழ்த்தார்கள். பெண்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். தவிட்டம்மா குனிந்து, புகைந்துகொண்டிருந்த ஒரு கொட்டையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுத்தாள்.

"அம்மா!"

கொட்டை தெறித்துப் போய் துர்காராவின் காலடியில் விழுந்தது. அவள் கையை உதறிக்கொண்டே பின்வாங்கினாள். துர்காராவின் முகம் கறுத்துவிட்டது. "போணியே போச்சு. யாராவது ஒருத்தி இடுக்கியால எடுத்து உடைங்கடி" என்றார். வேறொருத்தி எடுத்து உடைத்தாள். பருப்பு இரண்டாகத்தான் வந்தது.

தவிட்டம்மா தன் பழைய கல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். விரல் இரண்டும் சிவந்து கொப்பளிக்க ஆரம்பித்திருந்தன. முகம் முழுக்கச் சுருங்கிக் கண்ணில் தண்ணீர் ஓடியது.

"சூரிபாபுகிட்ட எல்லாத்துக்கும் தெரியுதுன்னு பொய் சொல்லிட்டே இருந்தேன் மதினி. உணர்ச்சி திரும்பினது எனக்கே தெரியல" என்றாள்.

"எரியுதாடி?"

"எரியுது."

தேங்காயெண்ணெய்ப் புட்டியைத் திறந்துகொண்டு அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வேணாம். கொஞ்ச நேரம் எரியட்டும்."