செக்கரம்மாவின் சனிக்கிழமைச் சோதனை

செக்கரம்மா இங்கே வந்து முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான். அது ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடம். பள்ளிக்கூடத்தின் விளையாட்டுச் சாமான் அறையில், காற்றுப்போன பந்துகளுக்கும் சுருட்டிவைத்த வலைக்கும் நடுவே மேஜை போட்டு, நாற்பத்தாறு துணிப்பைகளை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் வந்து நின்றவர் முதலில் பைகளைப் பார்த்தார், பிறகு என் பேனாவைப் பார்த்தார், கடைசியாகத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

“இங்க ஏதோ தர்றாங்களாமே. யாருக்கு?”

“சனி, ஞாயிறு வீட்ல சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுற பிள்ளைங்களுக்கும்மா.”

“கஷ்டப்படுதுன்னு யாரு பார்த்தா?”

“தலைமையாசிரியை லிஸ்ட் குடுத்திருக்காங்க.”

“பை பிள்ளை கைக்குப் போகுதுன்னு யாரு பார்த்தா?”

“நான் பதிவேடு வச்சிருக்கேன்.”

“அதான் கேக்கறேன். பேனா வச்சிருக்கறவரை யாரு பார்க்கறா?”

எனக்குச் சுருக்கென்றது. லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் முப்பத்தேழு வருஷம் பதிவேடு எழுதியவன் நான். ஒரு நாள்கூட ஓர் எண்ணை அடித்து மேலே எழுதியதில்லை. “நீங்களே பாருங்களேன்” என்று நாற்காலியை நகர்த்திப் போட்டேன். கோபத்தில் சொன்னதை அவர் அழைப்பாக எடுத்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார்.

இந்த ஏற்பாடு அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் சேர்ந்து தொடங்கியது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளியிலேயே மதியச் சாப்பாடு உண்டு. திங்கட்கிழமை மட்டும் அந்த வரிசையில் ஏன் இப்படி அடிதடி என்று தலைமையாசிரியை ஒரு நாள் யோசித்ததிலிருந்து பிறந்தது. பையில் ரொட்டி ஒரு பொட்டலம், முட்டை நான்கு, வாழைப்பழம் நான்கு, நூடுல்ஸ் இரண்டு பாக்கெட், பால் பவுடர், வேர்க்கடலை. எந்த வேளைக்கு எதைச் சாப்பிடலாம் என்று அச்சடித்த சீட்டு ஒன்று. மருந்துக்கடைக்காரர் தலைவர். பேக்கரிக்காரர் ரொட்டிக்குப் பொறுப்பு. அந்த ரொட்டியைத்தான் செக்கரம்மா இரண்டாம் வாரமே கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

“நேத்து ரொட்டி.”

“அம்மா, இது காலைல சுட்டதும்மா!”

“எந்தக் காலைல?”

மூன்றாம் வாரத்திலிருந்து ரொட்டி மெத்தென்று வந்தது.

அந்த அம்மா பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் செக்கரம்மா. சொந்தத் தங்கையின் கணவரையே டிக்கெட் இல்லாமல் பிடித்து, நடு வழியில் இறக்கிவிட்டதால் தங்கை இரண்டு வருஷம் பேசாமல் இருந்தாள் என்று அவரே சொன்னார். “மாப்பிள்ளைன்னு சீட்டுல எழுதி ஒட்டியிருக்கா என்ன?” என்றும் கேட்டார். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவரிடம் மூன்றே மூன்று கேள்வி கேட்டாராம், வந்தவர் காப்பியைக்கூட முடிக்கவில்லையாம். வெளியூரில் இருக்கும் தங்கை மகள் போனில் “சாப்பிட்டேன் பெரியம்மா” என்றால் “என்ன சாப்பிட்ட?” என்பார். அவள் சொன்னதும் “அதுக்குத் தொட்டுக்க?” என்பார்.

இதே கேள்வியைத்தான் திங்கட்கிழமை காலையில் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளிடம் கேட்டார். நான் பக்கத்தில் நின்று பதில்களை எழுதிக்கொள்வேன். “மறந்துட்டேன்” என்பான் ஒருவன். “முட்டையெல்லாம் அண்ணன் தின்னுட்டான்” என்பாள் ஒருத்தி. “நூடுல்ஸ் ரெண்டும் வெள்ளிக்கிழமையே காலி” என்று பெருமையாகச் சொன்னவனும் உண்டு. என் பதிவேடு கந்தலாகக் கிடந்தது. அதில் ஒழுங்காக இருந்த ஒரே வரி மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியுடையது. வகுப்பில் எப்போதும் வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதால் செக்கரம்மா அவளுக்கு ஜன்னல்சீட்டு என்று பெயர் வைத்திருந்தார்.

“சனிக்கிழமை காலைல ரொட்டி, பால். மத்தியானம் நூடுல்ஸ், முட்டை. ராத்திரி ரொட்டி, வாழைப்பழம். ஞாயித்துக்கிழமை காலைல...” என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவாள். ஆறு வாரமும் அதே பதில். எனக்கு அந்தப் பிள்ளைமேல் தனிப் பிரியமே வந்துவிட்டது.

செக்கரம்மா அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சார், இது சாப்பிடல.”

“எல்லாரையும்விடத் தெளிவா சொல்றாளேம்மா!”

“அதான். டிக்கெட் எடுத்தவனைக் கேட்டா எந்தப் பையில வச்சேன்னு தடவுவான். எடுக்காதவன்தான் எந்த ஸ்டாப்புல ஏறினேன், எங்க இறங்குவேன்னு கதை மாதிரி சொல்லுவான். இது சீட்டை மனப்பாடம் பண்ணியிருக்கு.”

அன்று மாலைக் கூட்டத்திலேயே அதைச் சொல்லிவிட்டார். அந்தப் பை அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குப் போகவில்லை என்று சந்தேகமாக இருக்கிறது, அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அம்மாக்காரி விக்கறாளா?”

“தெரியாது.”

“விக்கறாதான். விதி ஏழு என்ன சொல்லுது? பை லிஸ்ட்ல இருக்கற பிள்ளைக்கு மட்டும்தான். எடை சார், வர்ற வெள்ளிக்கிழமையிலேர்ந்து அந்தப் பேரை அடிச்சிடுங்க. ஒருத்தியை விட்டா நாளைக்கு நாற்பத்தாறு பேரும் கடை விரிப்பாங்க.”

செக்கரம்மாவின் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். “சந்தேகம்னு சொன்னேன் சார். குத்தம்னு சொல்லல. பார்க்காம யாரையும் நான் இறக்கிவிட்டதில்ல.”

“சந்தேகத்தைக் கிளப்பினது நீங்கதானே?”

“நான்தான். நானே போய்ப் பார்க்கறேன். இந்த ஒரு வாரம் பையைக் குடுங்க. திங்கட்கிழமை வந்து சொல்றேன்.”

முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். வெளியே வந்ததும் செக்கரம்மா என்னிடம், “நீங்களும் வாங்க” என்றார். “நான் தனியாப் போனா, நானா கட்டிவிட்ட கதைன்னு சொல்லுவாங்க. அவங்க இடத்துல நான் இருந்தா நானும் அப்படித்தான் சொல்லுவேன்.”

சனிக்கிழமை பதினொன்று நாற்பதுக்குப் போனோம். மூன்றாம் மாடி. நீண்ட நடையின் இரு பக்கமும் கதவுகள், கொடி முழுக்க ஈரத்துணி. ஜன்னல்சீட்டின் வீட்டில் பூட்டுத் தொங்கியது. செக்கரம்மா பூட்டைத் தொட்டுப் பார்த்தார், கீழே குனிந்து கதவிடுக்கில் பார்த்தார், மூச்சை இழுத்து மோந்தும் பார்த்தார். யாராவது பார்த்தால் எங்களைத்தான் திருடர்கள் என்பார்கள் என்று எனக்குக் கூச்சம்.

“பக்கத்துல பெல் அடிச்சுக் கேக்கலாமேம்மா.”

“விசில் ஊதிட்டு பஸ்ல ஏறினா எல்லாரும் பின்வாசல்ல குதிச்சிருவாங்க சார். சும்மா இருங்க.”

எதிர்வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. நூடுல்ஸ் வாசனை அங்கிருந்துதான் வந்தது. செக்கரம்மா ஒரு விரலால் கதவைத் தள்ளினார்.

ஒற்றை அறை. தையல் இயந்திரத்தில் ஒரு பெண் குழந்தைச் சட்டைகளுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். தரையில் ஒரு பாத்திரத்தைச் சுற்றி நான்கு பிள்ளைகள். மூத்தவள் ஜன்னல்சீட்டு. மற்ற மூன்றும் பள்ளிக்குப் போகிற வயதில்லை; கடைசி ஒன்று தவழ்வதும் நடப்பதுமாக இருந்தது. எங்கள் துணிப்பை இயந்திரத்தின் சக்கரத்துக்கு மேலே ஆணியில் தொங்கியது.

செக்கரம்மாவைக் கண்டதும் ஜன்னல்சீட்டு விறைப்பாக எழுந்து நின்றாள். கையில் சாப்பிட்ட கரண்டி. “சனிக்கிழமை காலைல ரொட்டி, பால். மத்தியானம் நூடுல்ஸ், முட்டை. ராத்திரி...”

“உக்காரு பாப்பா” என்றார் தையல்காரப் பெண். “யாருங்க நீங்க? கதவைத் தட்டற பழக்கம் இல்லையா?”

“அந்தப் பை எப்படி இங்க வந்துச்சு?”

“ஓ, பை குடுக்கறவங்களா!” அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “லீவு நாள்ல ரெண்டு பேரும் ஜோடியாக் கிளம்பி, அடுத்தவ அடுப்பைப் பார்க்க வந்துட்டீங்களாக்கும்.”

“நாங்க ஜோடி இல்ல” என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

அவர் மறைக்கவில்லை. ஜன்னல்சீட்டின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது இவர். அதற்குப் பதிலாகப் பை இங்கே வந்துவிடும்.

“வித்தோமா? ஒளிச்சோமா? பிரிச்சு நாலு பேருக்கும் வைக்கறேன். இந்த மூணும் வாயைப் பார்த்துக்கிட்டு இருக்க, நான் அவளுக்கு மட்டும் ஊட்டணுமா? உங்க சட்டத்துல அப்படியா எழுதியிருக்கு?”

கேள்வி என்னைப் பார்த்துத் திரும்பியது. பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

“ஆமாம்மா. அப்படித்தான் எழுதியிருக்கு.”

“அப்போ எழுதினவரை வந்து இந்த நாலு பேருக்கு நடுவுல உக்காந்து ஒருத்தருக்கு மட்டும் பரிமாறச் சொல்லுங்க.” இப்போதுதான் அவர் இயந்திரத்தை நிறுத்தினார். “பையை நிறுத்தினா பாப்பாவை நான் வச்சுக்க முடியாதுங்க. அவ அம்மா அந்த வேலையை விடணும், இல்ல இவளை உள்ள வச்சுப் பூட்டணும். நான் கெட்டவ இல்ல. என்கிட்ட இல்ல, அவ்வளவுதான்.”

செக்கரம்மா அப்போதும் நம்பிவிடவில்லை. பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். நான்கு தட்டுகளையும் பார்த்தார். நானும் பார்த்தேன், அளவு ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. பிறகு தரையில் குந்தி, நான்கு வயதிருக்கும் ஒரு வாண்டிடம் கேட்டார்.

“உனக்கு நிறையவா, அக்காவுக்கு நிறையவா?”

வாண்டு யோசித்தது. “அக்கா கடைசியில பாத்திரத்தை வழிச்சுக்குவா. நான் கேட்டா தரமாட்டா.”

“அது சரியான புகார்” என்று எழுந்தார் செக்கரம்மா. ஜன்னல்சீட்டிடம், “ஏன் பொய் சொன்ன?” என்றார்.

“நிஜத்தைச் சொன்னா நிறுத்திடுவீங்க.” அவள் குரலில் பயமில்லை. எங்களை ரொம்ப நாளாக எடைபோட்டு வைத்திருந்தவள்போலச் சொன்னாள்.

படி இறங்கும்போது செக்கரம்மா முதல் மாடியில் நின்று, “அந்தப் பிள்ளை நம்மளைச் சரியாத்தான் சந்தேகப்பட்டிருக்கு சார்” என்றார்.

திங்கட்கிழமை நான் கண்டதைக் கண்டபடி படித்தேன். மருந்துக்கடைக்காரர் மேஜையைத் தட்டினார். “பை வேற வீட்டுக்குப் போகுது. விதி ஏழு. இதுக்கு மேல என்ன வேணும்?”

“ஒரு டிக்கெட்டை வச்சுக்கிட்டு நாலு பேரு வந்தா மூணு பேரை இறக்குவேன்” என்றார் செக்கரம்மா. “இருபத்தாறு வருஷம் இறக்கியிருக்கேன். ஆனா அந்த மூணும் அஞ்சு வயசுக்குக் கீழ சார். அதுங்களுக்கு எந்த பஸ்லயும் டிக்கெட் கேக்கறதில்ல. டிக்கெட் கிடையாது, வயிறு மட்டும் இருக்கு. நம்ம லிஸ்ட் பள்ளிக்கூடத்தோட நிக்குது. பசி அங்க நிக்கல.”

“சரி, சின்னப் பிள்ளைங்களுக்கும் தர்றோம்னு வைங்க. வீட்டுக்கு வீடு ஆறு பிள்ளை இருக்குன்னு சொல்லுவாங்க.”

“சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நினைக்கறேன். அதனாலதான் பை போய்ச் சேர்ற ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய்த் தலையை எண்ணுவேன்னு சொல்றேன்.”

“உங்களை யாரு நம்பறது?”

“நம்ப வேண்டாம். எடை சாரைக் கூட அனுப்புங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகாது. நான் ஒண்ணு கூட்டிச் சொன்னா அவர் விடமாட்டார்.”

பேக்கரிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “தலைவரே, இந்த அம்மா எண்ணிச் சொன்னா அதுல ஒரு தலை குறைஞ்சுதான் இருக்கும். கூடுதல் ரொட்டி நான் பார்த்துக்கறேன்.” தலைமையாசிரியை விதி ஏழில் “பிள்ளைக்கு மட்டும்” என்பதை அடித்துவிட்டு, “பை சாப்பிடப்படும் வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு” என்று எழுதினார். ஜன்னல்சீட்டின் பெயர் பதிவேட்டில் அப்படியே இருந்தது.

ஐந்து சனிக்கிழமைகள் ஏறி இறங்கினோம். சின்னப் பிள்ளைகள் என்று சொல்லப்பட்டவை எழுபத்தொன்று. எண்ணிக் கண்டவை அறுபத்துநான்கு. ஒரு வீட்டில் போர்வைக்குள் “தூங்கிக்கொண்டிருந்தது” தலையணை. இன்னொரு வீட்டில் செக்கரம்மா ஒரு பிள்ளையின் முகவாயைப் பிடித்துத் திருப்பி, “இவரை ரெண்டாம் மாடியிலேயே எண்ணியாச்சே. சட்டையை மாத்தினா போதுமா?” என்றார். அந்த வீட்டுக்காரர் அசடு வழிந்தார். அடித்த ஏழும் அடித்ததுதான். கெஞ்சியவர்களுக்காக அவர் ஒன்றைக்கூடத் திரும்பச் சேர்க்கவில்லை. ஒரு தாய் எங்களைப் படிக்கட்டுவரை துரத்திக்கொண்டு வந்து வைதார். அதையும் எழுதிவைத்திருக்கிறேன், வசவுகளை மட்டும் விட்டுவிட்டு.

ஆறாவது வெள்ளிக்கிழமை ஜன்னல்சீட்டு வந்தபோது மேஜையில் அவளுக்கு இரண்டு பைகள் இருந்தன. அவள் ஒன்றை எடுத்தாள். மற்றதைத் தொடவில்லை.

“அதுவும் உனக்குத்தான்” என்றேன். “எதிர்வீட்டுச் சின்னதுங்களுக்கு.”

“எதுக்கு?”

“சாப்பிடத்தான்.”

“அடுத்த வாரம் ரெண்டையும் நிறுத்திடுவீங்களா?”

“இல்ல.”

“ஒரு வாரம் ரெண்டு குடுத்துட்டு, அப்புறம் நிறுத்தினா தையல் அத்தை என்னை விட்டுருவாங்க. ஒண்ணே போதும்.”

செக்கரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “சரியாத்தான் கேக்குது. உனக்கு என்ன வேணும், சொல்லு.”

“எழுதிக் குடுங்க.”

“எடை சார், எழுதிக் குடுங்க.”

பதிவேட்டிலிருந்து நான் ஒரு தாளைக்கூடக் கிழித்தவன் அல்ல. அன்று கடைசித் தாளைக் கிழித்தேன். வாரம் இரண்டு பை, பள்ளி நடக்கும் காலம் முழுவதும் என்று தேதியுடன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தாள். “சீல் இல்லையே” என்றாள்.

“எங்ககிட்ட சீல் கிடையாது பாப்பா.”

அவள் தாளைச் செக்கரம்மாவிடம் நீட்டினாள். செக்கரம்மா நான் எழுதியதை முதலில் ஒரு முறை படித்துச் சரிபார்த்தார். பிறகு என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். ஜன்னல்சீட்டு தாளை நான்காக மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டாள். இரண்டு பையும் சேர்ந்து மூன்று கிலோவுக்கு மேல். வாசல்வரை தூக்கி வருகிறேன் என்று எழுந்தேன். “வேண்டாம், நானே எடுத்துக்கறேன்” என்று இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு முறை எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வேகமாக நடந்தாள்.