எதுக்குங்க சரின்னீங்க

எங்கள் வீட்டுக்காரருக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. குளிர்பானம் அடைக்கிற ஆலையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. கண்ணாடி பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையாக வருகிற சத்தம் இருக்கிறதே, அதை உள்ளே போய்க் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கூடத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. சூப்பர்வைசர் வந்து வாயை அசைப்பார், இவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். என்ன சொன்னார் என்பதைப் பிறகு பக்கத்து ஆளிடம் சைகையில் விசாரித்துக்கொள்வார்கள். முதலில் சரி, அப்புறம்தான் சங்கதி. விரலைத் தூக்கத் தாமதமானால் வரிசை நின்றுவிடும் என்பதால் அங்கே அதுதான் முறை.

அந்தப் பழக்கத்தை ஆலைவாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்தார். தெருவில் யார் என்ன கேட்டாலும் சிரித்த முகத்தோடு ஒரு 'சரி'. வீட்டு ஓனர் ஒருநாள் படிக்கட்டில் நிறுத்தி ஏதோ கேட்டார், இவர் சரி என்றார். மறுநாள் இரண்டு டின் பெயின்டும் ஒரு பிரஷ்ஷும் வாசலில் வந்து உட்கார்ந்தன. மூன்று மாடிப் படிக்கட்டின் கைப்பிடி முழுவதும் இந்த மனுஷன்தான் பெயின்ட் அடித்தார். கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார். காது கேட்கவில்லை என்பதை விட, கேட்கவில்லை என்று சொல்வதுதான் அவருக்கு அவமானம்.

எங்களுக்கு ஒரே பெண். அவள்தான் முதல் சம்பளப் பணத்தைச் சேர்த்து அப்பாவுக்கு இந்தக் காது மெஷினை வாங்கிக் கொடுத்தாள். காதுக்குப் பின்னால் ஒரு அவரைவிதை மாதிரி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், குழாயின் நுனியில் அவர் காதுக்கென்றே அளவெடுத்துச் செய்த அச்சு. வாங்கிய புதிதில் அவள் அவருக்கு முதுகுப் பக்கம் உட்கார்ந்துகொண்டு செய்தித்தாள் வாசிப்பாள், இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவர் தலையில் குட்டுவாள், இவர் சிரிப்பார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது அந்தக் காலத்தில்தான்.

பெண் வாங்கிக் கொடுத்தது என்பதாலேயே இவர் அதைக் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்டார். ஆலையில் தண்ணீர் தெறிக்கும், கழற்று. மழை தூறுகிறது, கழற்று. வியர்க்கிறது, கழற்று. முடி வெட்டப் போகிறோம், கழற்று. ராத்திரி பேட்டரி மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சுகிற மணிகள் போட்ட டப்பாவில் வைத்து, மூடி போட்டு, அந்த மூடியை ஒரு தட்டும் தட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அச்சையும் குழாயையும் மெஷினிலிருந்து உருவி, சோப்புத் தண்ணீரில் அலசி, ஜன்னலோரம் துணியில் காயப்போடுவார். ஒரு சொட்டு ஈரம் குழாய்க்குள் நின்றாலும் சத்தம் போகாதாம். இத்தனை பத்திரமும் வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பேசுவதற்கு ஆள் இருக்கிற இடத்திலெல்லாம் மெஷின் டப்பாவில் இருந்தது, அவர் தனியாக டிவி பார்க்கும்போது காதில் இருந்தது. இதைச் சொன்னால் எனக்கு வாய் அதிகம் என்பார்கள்.

அந்த ஞாயிறும் அச்சு ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தது. நான் காய்கறி வாங்கிவிட்டு வந்து பையை இறக்கினேன். இவர் செல்போனைச் சட்டையில் துடைத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு?" என்று கையை ஆட்டிக் கேட்டேன்.

"பாப்பா. நல்லா இருக்காளாம்."

"வேற என்ன சொன்னா?"

"நல்லா இருக்காளாம். உன்னைக் கேட்டா."

அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்: "என்ன கேட்டா? நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார், காய்கிற அச்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏதோ கேட்டா. சரிம்மா, அப்படியே செய்னு சொன்னேன்."

"எதுக்குங்க சரின்னீங்க?"

துடைத்த செல்போனையே மறுபடி எடுத்துத் துடைத்தார்.

ஏன் பதறினேன் என்று சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு அந்த வாரமே கிளம்புவதாக ஏற்பாடு. இவருக்கு அதில் பெருமை, தெருவெல்லாம் சொல்லிவிட்டார். எனக்கு இல்லை. கடைசியாக அவள் வந்திருந்தபோது பாத்திரம் தேய்க்க ரவிக்கைக் கையை ஏற்றினாள். முழங்கைக்கு மேலே கன்றிப் போயிருந்தது. கேட்டேன், வழுக்கி விழுந்தேன் என்றாள். விழுந்தால் அந்த இடத்தில் அடிபடாது. நான் விடாமல் கேட்டேன், அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் நூறு கேள்வி கேட்பவள், அவள் நூறுக்கும் ஒரே பதில் சொல்பவள். போன வாரம் போனில், "போறதா வேணாமான்னு அப்பாகிட்ட கேக்கறேன். அவர் என்ன சொல்றாரோ அதைச் செய்றேன். நீ நடுவுல பேசாதம்மா" என்று வைத்துவிட்டாள்.

கன்றியதை நான் இவரிடம் சொல்லியிருக்கவில்லை. எப்படிச் சொல்வது? மெஷின் இல்லாதபோது எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்றே கிடையாது. இவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் மாடியில் இருப்பவர்களுக்கும் கேட்கும். மெஷின் போட்ட நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன். வெறும் சந்தேகத்தைச் சொல்லி மனுஷனை வேகவைப்பானேன் என்று அதையும் தள்ளிப் போட்டேன்.

அவளுக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். அப்புறம் அணைத்தே வைத்துவிட்டாள். அடுப்பில் உலை கொதித்தது, அரிசி போடத் தோன்றவில்லை. வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன், பையிலிருந்த காய்கறியை எடுத்து வெளியே வைத்தேன், திரும்ப உள்ளே வைத்தேன். இவர் என் பின்னாலேயே நடந்தார். "போகட்டுமான்னு கேட்டிருப்பாளோ?" என்றார். "வந்துடட்டுமான்னு கேட்டிருப்பாளோ?" என்று நான் கத்தினேன். இரண்டுக்கும் ஒரே சரிதான். அது எதற்குப் போய் விழுந்ததென்று தெரிய வேண்டும்.

"கிளம்புங்க" என்றேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டிய புடவையோடு புறப்பட்டோம்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் அவரை உட்கார வைத்தேன். அவர் மடியில் கைக்குட்டையை விரித்தார், அதில் அச்சு, டப்பா, காற்றடிக்கிற சின்ன ரப்பர் பந்து. பந்தைக் குழாயின் வாயில் வைத்து அமுக்கினார். ஒரு பொட்டுத் தண்ணீர் தெறித்தது. மறுபடி அமுக்கினார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மறுபடி அமுக்கினார். முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்து, "என்ன அது, ஆஸ்துமாவுக்கா?" என்றாள். "ஆமாங்க, எனக்குத்தான் மூச்சு முட்டுது" என்றேன். அவள் திரும்பிக்கொண்டாள்.

ஒரு வழியாக மெஷினோடு குழாயைச் சேர்த்துக் காதில் வைத்தார். கீச்சென்று கத்தியது. அச்சு சரியாக உட்காராவிட்டால் அப்படித்தான் கத்தும். காது மடலை மேலே இழுத்து, விரலால் அழுத்தினார். நின்றது. நெற்றிச் சுருக்கம் இறங்கியது.

"இப்ப கேக்குதா?" என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

"பஸ்ஸு இரைச்சல்தான் தூக்கலா இருக்கு. நீ பேசு."

அவர் காதுப் பக்கம் சாய்ந்து, முழங்கைக்கு மேலே நான் பார்த்ததைச் சொன்னேன். வழுக்கி விழுந்ததாக அவள் சொன்னதைச் சொன்னேன். அத்தனை கூட்டத்தில் பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. சரி என்று சொல்லவில்லை, தலையையும் ஆட்டவில்லை. ரப்பர் பந்தைக் கைக்குள் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். இறங்குகிற இடம் வருவதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டார்.

அவர்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் இரண்டு பெட்டிகளைக் கட்டி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். சுவரில் ஒன்றுமில்லை, ஆணிகள் மட்டும் இருந்தன. அவள் தரையில் உட்கார்ந்து ஒரு அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கயிறு கையிலேயே நின்றது.

"மாப்பிள்ளை எங்கடி?"

"சாவி கொடுக்க ஓனர் வீட்டுக்குப் போயிருக்கார். ராத்திரி கிளம்பறோம். எதுக்கும்மா இப்ப வந்தீங்க? அப்பாதான் சரின்னுட்டாரே."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அவர் காதுல மெஷினே இல்லடி. நீ என்ன கேட்டேன்னே அவருக்குத் தெரியாது."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை காலையில மெஷின் இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? கழுவச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே." அவள் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தெரிஞ்சுதான் அப்ப போன் பண்ணினேன். நான் கேட்ட மாதிரியும் ஆச்சு, அவருக்குக் கேக்காத மாதிரியும் ஆச்சு. உன்கிட்ட கேட்டா ஏன்னு கேப்ப."

என் வாய் அடைத்துப் போன நாள் என் ஆயுளில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பெற்றவளிடம் வாயைத் திறக்க முடியாமல், செவிட்டுக் காதாகப் பார்த்துத் தேடிப்போய் என் பெண் உத்தரவு வாங்கியிருக்கிறாள்.

இவர் அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மெஷின் இருக்கிற காதை அவள் பக்கம் திருப்பினார்.

"காலையில கேட்டதைத் திரும்பக் கேளு" என்றார்.

"விடுங்கப்பா."

"கேளு பாப்பா."

அவள் கயிற்றை விரலில் சுற்றினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அவரோட போகட்டுமாப்பா?" என்றாள்.

"வேணாம்."

அவ்வளவுதான் சொன்னார். காரணம் கேட்கவில்லை, ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை விழுந்ததும் அவள் அட்டைப்பெட்டி மேலேயே கவிழ்ந்து அழுதாள். நான் கிட்டே போனேன், இவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து அவளே ஆரம்பித்தாள். கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலிருந்து ஆரம்பித்தாள். சின்னக் குரல், இடையிடையே விக்கல். இவர் முன்னால் குனிந்துகொண்டே போனார்.

திடீரென்று கையைத் தூக்கி, "நிறுத்தும்மா" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பேட்டரி தீரப்போகுது. காதுக்குள்ள டிங்கு டிங்குனு அடிக்குது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. இத்தனை மாதம் திறக்காத வாய் இப்போதுதான் திறந்திருக்கிறது. இவர் எப்போதும் போலத் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாதா, மிச்சத்தை நான் கேட்டுச் சொல்ல மாட்டேனா? அவரோ சட்டைப் பையிலிருந்து பேட்டரி அட்டையை எடுத்து, ஒன்றை உருவி, அதன் மேலிருந்த குட்டி ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். உரித்த உடனே போட முடியாது. கொஞ்ச நேரம் காற்றுப் பட வேண்டும், அப்போதுதான் முழுசாக வேலை செய்யும். உள்ளங்கையில் அந்தப் பொட்டு பேட்டரியை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். நான் வாசலைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், மறுபடி வாசலைப் பார்த்தேன். அவள் எழுந்து முகம் கழுவப் போய்விட்டால் தீர்ந்தது. மறுபடி 'நல்லா இருக்கேன்' என்பாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவர் பேட்டரியைப் போட்டு, மூடியை அழுத்தி, மெஷினை மாட்டினார். கீச்சென்றது, அமுக்கினார், அடங்கியது.

"விட்ட இடத்துல இருந்து சொல்லு. எதையும் முழுங்காதே."

அவள் விட்ட இடத்திலிருந்து சொன்னாள்.

பாதியில் வாசலில் செருப்புச் சத்தம். மாப்பிள்ளை வந்து நின்றான். "வாங்க மாமா. எப்ப வந்தீங்க?" என்றான், சிரித்துக்கொண்டே. மாப்பிள்ளையைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிற மனுஷன் இவர். எழுந்திருக்கவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை.

"கொஞ்சம் இருங்க. என் பொண்ணு பேசிட்டிருக்கா" என்றார். பிறகு அவளிடம், "ம், நீ சொல்லும்மா" என்றார்.

அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மிச்சத்தையும் சொன்னாள், அவன் காதுபடவே.