கியர் இல்லாத சைக்கிளும் தை அமாவாசையும்

ஒரு கையில் தூக்குச் சட்டி, இன்னொரு கையில் வாழையிலைச் சுருள், கழுத்தில் மஞ்சள் நாடாவில் தொங்கும் ஓர் அட்டை. செஞ்சியில் ராஜகிரி மலைக்குப் பின்புறம் கயிறு கட்டித் தடுத்திருந்த ஒரு பொட்டலில் அப்படித்தான் போய் நின்றேன். பொழுது அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மெட்ராஸ், பெங்களூர், பாண்டிச்சேரி என்று எங்கிருந்தெல்லாமோ வந்த பிள்ளைகள். விலை கேட்கவே பயமாக இருக்கும் சைக்கிள்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். அட்டையில் இருந்ததோ இங்கிலீஷ். "இன்னாம்மா போட்டிருக்குது இதுல?" என்று மருமகளைக் கேட்டேன். "எனக்குச் சோறு குடுக்கிற ஆள்னு போட்டிருக்குது அத்த" என்றாள். அதற்கு முந்தின வருஷம் அந்த அட்டை என் மகன் கழுத்தில் கிடந்தது.

இப்போது அவள் ஓசூரில் இன்னொருவருக்கு மனைவி. ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அவள் அண்ணன் மாப்பிள்ளை பார்த்தபோது, சரி என்று முதலில் சொன்னவள் நான்தான். இனிமேல் அவளை மருமகள் என்று எழுதலாமா கூடாதா தெரியவில்லை. வேறு சொல் எனக்கு வரவில்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

சீயமங்கலம் பக்கத்துப் பெண் அவள். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வந்து, அதிலேயே கால் பழகி, பிறகு விளையாட்டு டீச்சராகி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணமான மறு வருஷம் பழைய மலை சைக்கிள் ஒன்றை வாங்கினாள். தடித்த டயர், அகலமான கைப்பிடி, பின்சக்கரத்தில் அடுக்கடுக்காகப் பல்சக்கரங்கள். பேண்ட் போட்டுக்கொண்டு அவள் ஏரிக்கரையில் போவதைப் பார்த்துத் தெருவில் பேசாத வாயில்லை. என் மகன் மட்டும் சிரிப்பான். மினி லாரி ஓட்டுகிறவன், எதற்கும் சிரிப்பான். பொங்கல் கழிந்து நடக்கும் அந்தச் சைக்கிள் பந்தயத்தில் அவள் சேர்ந்தபோது, சவாரியை விட்டுவிட்டு இவன் சோற்று மூட்டையோடு போய் நின்றான். அதை ஓட்டம் என்பதா, பாடு என்பதா? மலைக்குப் பின்னால் பாறையும் முள்ளுமாகக் கிடக்கும் ஒரே பாதையைப் பொழுது கிளம்பியதிலிருந்து பொழுது சாயும் வரை சுற்றிச் சுற்றி வரவேண்டும். இத்தனை சுற்று என்று உண்டு. கடைசி விசில் ஊதுவதற்குள் அத்தனையும் முடித்தால்தான் முடித்ததாக அர்த்தம்.

அந்த வருஷம் அவள் முடிக்கவில்லை. பின்சக்கரத்தில் கியரை மாற்றித் தருவதற்கென்று ஒரு சின்னக் கை தொங்கும். அது பாறையில் இடித்து முறிந்துவிட்டது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தாள். அந்தச் சாமான் மெட்ராஸிலிருந்து வரவேண்டும் என்றார்கள். என் மகன் காத்திருக்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து அடுக்கையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரே ஒரு பல்சக்கரத்தை மாட்டிச் சங்கிலியை இழுத்துக் கட்டினான். "இனிமே ஒடையறதுக்கு ஒண்ணுமே இல்ல பாரு" என்றான். "ஏத்தம் வந்தா?" என்று அவள் கேட்டாள். "எழுந்து நின்னு மெதி. முடியலன்னா எறங்கித் தள்ளு. அதுக்கு இன்னா கியரு?" என்றான். அதே மாசம் வந்த தை அமாவாசையில் மேல்மலையனூருக்குச் சவாரி போய்த் திரும்பியவன், பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

நான் அழவில்லை. வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, நகர்ந்து போய், கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. ஒரு நாள் அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர் காலில் கொட்டியது. கொப்புளம் வந்த பிறகுதான் பார்த்தேன். மருமகளும் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போனாள், வந்தாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இரண்டு பாத்திரம் மாதிரி இருந்தோம். எது எங்கே வைத்ததோ அங்கேயே இருக்கும்.

வருஷம் திரும்பியது. முதல் தெவசமும் பந்தயமும் ஒரே நாளில் வந்து நின்றன. எங்கள் வீட்டில் அய்யரை வைத்துச் செய்கிற வழக்கமில்லை. செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து, படத்துக்கு முன்னால் படைத்து, ஓர் இலையில் எடுத்துக் காக்கைக்கு வைப்போம். காக்கை வாய் வைத்த பிறகுதான் வீட்டில் யாரும் சாப்பிடலாம். அதுவரை தண்ணீர் மட்டும். அவளுடைய அண்ணன் போன் போட்டு, "புருசன் தெவசத்தன்னிக்கு சைக்கிள் ஓட்டப் போறியா? ஊர் சிரிக்கும்" என்று கத்தினான். அவள் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "அந்த சைக்கிள அவுரு எனக்காகத்தான் மாத்திக் குடுத்தாரு அத்த. ஒரு வாட்டியாவது அதுல முடிக்கணும். ரெண்டையும் செய்யலாமா?" என்றாள். செய்யலாம் என்றேன். எப்படி என்று யோசிக்கவில்லை. வீட்டு மாடியில் இலையை வைத்துவிட்டுக் காவல் இருக்க ஆள் கிடையாது, ஆகவே சோற்றை அங்கேயே கொண்டுபோய்க் காக்கைக்கு வைத்துவிடுவது என்று மட்டும் முடிவு செய்தோம். மலையில் இல்லாத காக்கையா!

விடியுமுன்னே குளித்துச் சமைத்தேன். சோறு, சாம்பார், பூசணிக்காய்ப் பொரியல், வடை, அவளுக்கென்று தயிர்சாதம், மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுத்து வெல்லம் சேர்த்துப் பிடித்த உருண்டை. அவன் தினமும் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் தின்கிற தேங்காய் பன்னும் ஒன்று. படைத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். பந்தயம் தொடங்கியதும் ஒரு பாறைமேல் இலையைப் போட்டு எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்தேன். அந்த இடத்தில் சைக்கிள் ரிப்பேருக்கென்று சாமான் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர் எங்கள் ஊர் சைக்கிள் கடை பாய். என் மகனைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். "இன்னா பெரிம்மா, காக்காவுக்கு டிபனா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

காக்கை வரவில்லை. முதல் சுற்று முடித்து வந்தவள், "எடுத்துச்சா அத்த?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனாள். அடுத்த சுற்றிலும் அதே கேள்வி, அதே தலையாட்டல். பாய்தான் முதலில் கண்டுபிடித்தார். "இன்னிக்கு தை அமாவாச பெரிம்மா. ஊர்ல வூட்டுக்கு வூடு வடையும் பாயசமும். செஞ்சிக் காக்கா மொத்தமும் அங்க பந்தியில இருக்குது. இந்த வெயில்ல பாற மேல அதுக்கு இன்னா வேல?" அது எனக்கு ஏன் தோன்றவில்லை? எத்தனை அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்தவள் நான்.

பாயே இரண்டு கையையும் வாயில் குவித்து, "கா... கா..." என்று கூப்பிட ஆரம்பித்தார். பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "நீங்களும் கூப்டுங்க பெரிம்மா. என் கொரலுக்கு எப்பிடி வரும்? ஒங்க வூட்டுச் சோறாச்சே" என்றார். எனக்கு வாய் திறக்கவில்லை. கடையில் மீதிச் சில்லறையைக்கூடக் கேட்டு வாங்கத் தெரியாதவள் நான். அத்தனை ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு நடுவில் எப்படிக் கத்துவது? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன்.

உச்சி வெயில் ஏறியது. கயிற்றுக்கு எதிரே ஒரு செம்மண் ஏற்றம் தெரியும். மற்றவர்கள் அங்கே வந்ததும் டக் டக்கென்று கியரை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தபடியே ஏறிவிடுவார்கள். இவளுக்கு மாற்ற ஒன்றுமில்லை. சீட்டிலிருந்து எழுந்து, உடம்பு மொத்தத்தையும் ஒரு காலில் போட்டு, அப்புறம் இன்னொரு காலில் போட்டு, நெல் குத்துகிற மாதிரி குத்திக்கொண்டே ஏறுவாள். காலையில் எல்லாரையும் விட வேகமாக ஏறினாள். மத்தியானம் பாதியில் இறங்கித் தள்ளினாள். அதற்கடுத்த சுற்றில் அடியிலிருந்தே தள்ளிக்கொண்டு வந்தாள். உதடு வெளுத்திருந்தது. "எடுத்துச்சா?" என்றாள். குரல் அவள் குரலாக இல்லை. "நீ சாப்டும்மா, அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்றேன். "எடுக்கட்டும் அத்த" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். உட்காரும்போதே சைக்கிள் சாய்ந்தது. பாய் ஓடிப்போய்ப் பிடித்தார். "தாயி, வெறும் வயித்துல விழுந்தின்னா பாறயில மண்ட ஒடைஞ்சிடும். ஒருத்தர் போனது பத்தாதா?" என்று அதட்டினார். அவள் கேட்கவில்லை. ஏற்றத்துப் பக்கம் போய் மறைந்தாள்.

பாய் சொன்ன அந்த வார்த்தை என்னை எங்கே தொட்டது என்று தெரியவில்லை. பாறைக்குப் போனேன். இலையில் சோறு காய்ந்து விறைத்திருந்தது. கா கா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். வந்தது அவன் பெயர். ஒரு வருஷமாக நான் சொல்லாத பெயர். மலையில் பட்டு அது திரும்பி வந்தது. இன்னொரு முறை கூப்பிட்டேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. தெருவில் விளையாடும் பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற மாதிரி, வாடா, ஆறிப்போவுது வாடா என்று கூப்பிட்டேன். கூடாரத்தில் யாரும் சிரிக்கவில்லை.

வந்தது குரங்கு. மேலே ஒரு பாறை இடுக்கிலிருந்து இறங்கி, என்னைப் பார்த்து, இலையைப் பார்த்து, சோற்றையும் வடையையும் விட்டுவிட்டுத் தேங்காய் பன்னை மட்டும் எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப்போய் உட்கார்ந்து தின்றது. "அடச்சே, கொரங்கு" என்று பாய் கல்லை எடுத்தார். "போடாதீங்க பாய்" என்றேன். அந்த நேரத்தில் மருமகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். கேட்பதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"எடுத்துக்கினாம்மா. சாப்டு" என்றேன்.

அவள் பாறையைப் பார்த்தாள். குரங்கு பன்னின் கடைசித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டிருந்தது. பாய் ஏதோ சொல்ல வந்தார். "எங்க வூட்டு வழக்கம் எனக்குத் தெரியும் பாய்" என்றேன். வெளி ஆம்பிளையிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. மருமகள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தால் விழுந்துவிடுவாள் போல் இருந்ததால் நின்றபடியே வாயைத் திறந்தாள். தயிர்சாதத்தைப் பிசைந்து ஊட்டினேன். மென்றாளோ விழுங்கினாளோ. நாலைந்து வாய் போனதும், மல்லாட்டை உருண்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மீதிச் சுற்றுகளை அவள் எப்படி முடித்தாள் என்று நான் சொல்ல முடியாது. ஏற்றத்தில் மறுபடி எழுந்து நின்று மிதித்ததைப் பார்த்தேன். பாதியில் இறங்கினாள், தள்ளினாள், ஏறினாள். ராஜகிரி உச்சியில் மட்டும் வெயில் ஒட்டியிருந்தபோது கூடாரங்களைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு பையன் நின்றான். "இருடா, எங்க பொண்ணு ஒண்ணு வரணும்" என்று பாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்திருக்கவே வேண்டாம். விசிலுக்கு முன்னாலேயே அவள் கயிற்றைத் தாண்டிவிட்டாள். முடித்தவர்களில் கடைசி அவள்தான். கழுத்தில் ஒரு பதக்கத்தைப் போட்டார்கள். சைக்கிளை மெல்லப் படுக்க வைத்துவிட்டு, என் பக்கத்தில் மண்ணில் வந்து உட்கார்ந்தாள். சந்தோஷமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

தண்ணீர் குடித்தாள். தூக்குச் சட்டியைத் திறந்து பார்த்தாள். "சாம்பார் சோறு அப்பிடியே இருக்குது. நீங்க இன்னா சாப்ட்டீங்க?" என்றாள்.

"எனக்கு வேணாம்மா."

"காத்தாலேர்ந்தா?"

நான் மலையைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அப்ப கொரங்கு எடுத்தது கணக்கில்லையா அத்த?" என்று கேட்டாள்.

"உனக்குக் கணக்கு."

ஊர்ப்பக்கத்திலிருந்து காக்கைகள் கூட்டம் கூட்டமாக எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. ஏரிக்கரை மரங்களுக்கு அடையப் போகின்றன. ஒன்றுகூடக் குனிந்து பார்க்கவில்லை. அத்தனையும் போய் முடியும் வரை இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் கையைக் கழுவினாள். சங்கிலி மசி போகவில்லை. அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்து உருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினாள். "அவுரு இனிமே வரமாட்டாரு அத்த. சாப்டுங்க" என்றாள்.

ஒரு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது. நான் இப்போது அழுவேன் என்று அவள் பார்த்தாள். நானும் எதிர்பார்த்தேன். அழுகை வரவில்லை. சோறு ஆறிச் சில்லிட்டுப் போயிருந்தது. உப்புக் கொஞ்சம் கூடுதல். அது எனக்குத் தெரிந்தது. வயிற்றுக்குள் எங்கோ ஆழத்தில் பசி எடுத்தது.

"இன்னொரு உருண்ட குடு" என்றேன்.