நாடாவைக் குறைக்கச் சொன்னவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. என் அண்ணிக்கு நடந்தது. கண் காது மூக்கு வைத்துக் கதை சொல்கிற ஆள் இல்லை அவர். எல்லோரும் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு பேய்ப் படம் பார்க்கும்போது, விளக்கைப் போட்டுத் துணி மடிக்கிறவர். உலகத்தில் அவருக்கு ஒரே பயம் லிஃப்ட். அதனால் கடைக்குப் படியேறித்தான் போவார். இருபத்திரண்டு படி. ஏறும்போதும் இறங்கும்போதும் வாய்க்குள் எண்ணிக்கொள்வது பழக்கம்.

கடை என்றால் முதல் மாடியில் ஒரே ஒரு அறை. இரண்டு தையல் மெஷின், ஒரு நீள மேஜை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். அண்ணியும் அவர் தங்கையும் எம்பிராய்டரி வேலை எடுத்துச் செய்கிறார்கள். தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர் வாயாடி. கீழே, படிக்கட்டை ஒட்டிச் சாவி வெட்டுகிறவர் கடை. நாள் முழுக்க அவருடைய மெஷின் கிர்ர்ர்... கிர்ர்ர்... என்று கத்திக்கொண்டே இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஃப்ரீமேசன் சங்கத்தின் செயலாளர் ஒரு தட்டையான கறுப்புப் பெட்டியோடு வந்தார். பருத்த மனிதர். படியேறிய மூச்சு அடங்கவே நேரமாயிற்று.

"லாட்ஜ்லேருந்து வரேம்மா. பதினோரு ஏப்ரன். பூவேலை அங்கங்க பிரிஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமை வேணும்."

அவர் இறங்கிப் போகும்வரை வாயாடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"லாட்ஜ்ல பதினோரு சமையல்காரங்களாக்கா? நல்ல கூட்டம் போலிருக்கே!"

"அந்த லாட்ஜ் இல்லடி. இது சங்கம். கொத்தனார் சாமானை எல்லாம் அடையாளமா வச்சிருக்கவங்க. கூட்டத்துக்கு இதைக் கட்டிக்கிட்டுத்தான் உட்காருவாங்க."

"கொத்து வேலை தெரியுமா அவங்களுக்கு?"

"செங்கல்லைத் தொட்டுக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க. நீ ஊசியைக் கோரு."

ஆனால் பெட்டியைத் திறந்ததும் வாயாடியே வாயடைத்துப் போனாள். வெள்ளை ஆட்டுக்குட்டித் தோல். ஓரத்தில் நீலப் பட்டு. நடுவில் கவராயமும் மூலைமட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் பிறை, அதைச் சுற்றி ஏழு நட்சத்திரம். இரண்டு தூண், ஓர் ஏணி. எல்லாவற்றுக்கும் மேலே, மடிப்பில், ஒற்றைக் கண். கருமணிக்கு நீல நூல். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது உங்களையே பார்க்கும். அப்படித் தைத்திருந்தார்கள்.

மூன்று நாள் இருவரும் குனிந்த தலை நிமிரவில்லை. புதன்கிழமை மாலை வேலை முடிந்தது. இருவருமாகவே எண்ணினார்கள். பதினொன்று. பெட்டியை மூடி, அறையைப் பூட்டிக்கொண்டு போனார்கள்.

வியாழக்கிழமை. பளீரென்று வெயில். மதியம் இரண்டே முக்காலுக்கு வாயாடி தன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரக் கிளம்பினாள். அண்ணி தனியாக இருந்தார். நாளைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்றே என்று, எதற்கும் இன்னொரு தடவை பெட்டியைத் திறந்து எண்ணினார்.

பன்னிரண்டு.

மறுபடி எண்ணினார். பன்னிரண்டுதான். நேற்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், நாம்தான் கவனிக்கவில்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டார். மணி இரண்டு ஐம்பத்தைந்து.

அடியில் கிடந்தது அது. பழுத்த மஞ்சள் நிறம். கையில் எடுத்தால் மற்றவற்றைவிடக் கனம். தோல் ஈரமாக இருந்தது. மேலே கிடந்த பதினொன்றும் காய்ந்து மொறமொறவென்று இருக்க, இது மட்டும் எப்படி நனைந்தது? சில்லென்று வேறு இருந்தது. வெயில் படுகிற ஜன்னலில் கால் மணி நேரம் விரித்துப் போட்டார்.

சில்லிப்பு போகவில்லை.

சூரியன் சரியாக இருந்தது. பிறை சரி. ஏணி சரி. கண்ணில்தான் கருமணி இல்லை. நூல் போய், ஊசித் துளைகள் மட்டும் வட்டமாகத் தெரிந்தன. துளைகள் அடைத்திருந்தன. ஊசி முனையால் ஒன்றைக் குத்தினார்.

மண் உதிர்ந்தது.

கறுப்பு மண். ஈர மண்.

அப்போதுதான் அண்ணி ஒன்றைக் கவனித்தார். கீழே சாவி மெஷின் சத்தம் இல்லை. தெருவிலும் சத்தம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன... ஆனால் சத்தமில்லை.

மூன்று இருபது.

டொக்... டொக்.

கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் ஒருவர் நின்றார். நல்ல உயரம். கழுத்துவரை பட்டன் போட்ட கறுப்புக் கோட்டு. கைகளில் வெள்ளை உறை. அகன்ற தோள், நல்ல ஆகிருதி. முகத்தை மட்டும் அண்ணியால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. பார்த்தாராம். ஆனால் நினைவில் நிற்கவில்லையாம்.

"என்னோடது இங்க இருக்கு."

"எதுங்க சார்?"

அவர் ஜன்னலைக் காட்டினார்.

"இடுப்பு நாடா பெரிசு. நழுவுது. குறைச்சுத் தாங்க."

அண்ணிக்கு உயிர் வந்தது. ஓ, சங்கத்துக்காரர். தன்னுடையதைத் தேடி நேரில் வந்திருக்கிறார். "உட்காருங்க சார், அளவு எடுத்துடறேன்" என்று டேப்பை எடுத்தார்.

அவர் உட்காரவில்லை. இரண்டு கைகளையும் மெதுவாகப் பக்கவாட்டில் தூக்கினார்.

"கோட்டுக்கு உள்ளே கட்டறதா, மேலேயா சார்?"

"உள்ளே."

அண்ணி பின்பக்கமாகப் போய், கோட்டுக்கு அடியில் டேப்பைச் சுற்றிக் கொடுத்து இழுத்தார். நாற்பது அங்குலமாவது இருக்கும் என்று கண்ணளவில் நினைத்திருந்தார்.

நாற்பதில் டேப் எதிலும் படவில்லை.

இன்னும் இழுத்தார். முப்பத்தாறு... முப்பத்து மூன்று... கோட்டு அப்படியே விறைப்பாக நின்றது. உள்ளே டேப் மட்டும் சுருங்கிக்கொண்டே போனது.

முப்பது.

இருபத்தெட்டு.

"இன்னும்" என்றார் அவர்.

இருபத்தாறில் டேப் நின்றது. ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. டேப்பைச் சரி செய்யப்போன அண்ணியின் இடது ஆள்காட்டி விரல் அதன்மேல் பட்டது.

சதை இல்லை.

துணியும் இல்லை.

அண்ணி கத்தவில்லை. கால்கள் தாமாக மெஷினிடம் போயின. நாடாவை வெட்டினார். மடித்தார். தைத்தார். கட கட கட... அறையில் அந்த ஒரு சத்தம்தான். ஓடிவிடலாம் என்றால் வாசலுக்கும் அவருக்கும் நடுவில் அந்த ஆள்.

மெஷின் நின்றதும் மூச்சுச் சத்தம் ஒன்றுதான் கேட்டது.

அது அண்ணியுடையது.

"கட்டி விடுங்க."

கட்டினார். முடிச்சுப் போடும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ம்... இப்ப நிக்கும்."

திரும்பி நடந்தார். படியில் காலடிச் சத்தம்.

டக். டக். டக்.

பழக்க தோஷம். அண்ணியின் வாய் தானாக எண்ணியது. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

இருபத்து மூன்று.

இருபத்து நான்கு.

முப்பது... நாற்பது...

கீழே... இன்னும் கீழே...

ஐம்பத்தேழு வரை எண்ணினாராம். அதற்குமேல் கேட்கவில்லை.

கிர்ர்ர்ர்!

சாவி மெஷின். அண்ணி விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். இருபத்திரண்டு படி. அதற்குக் கீழே வெறும் சிமெண்டுத் தரை.

"அண்ணே, இப்ப யாராவது இறங்கிப் போனாங்களா?"

சாவிக்காரர் நிமிர்ந்தார். "உன் தங்கச்சிக்கு அப்புறம் ஒரு ஈ காக்கா வரலையே. ஏம்மா, என்ன இப்படி வேர்த்துப் போயிருக்கே?"

வாயாடி வந்த பிறகுதான் அண்ணி மேலே போனார். பெட்டியில் பதினொன்று. மெஷினைச் சுற்றி வெட்டிப் போட்ட நாடாத் துண்டு எங்கும் இல்லை. அன்று அந்த ஆளைத் தொட்டுச் செத்துப்போன இடது ஆள்காட்டி விரல் இன்றுவரை பிழைக்கவில்லை. குத்தினால் வலிக்காது. சுட்டால் தெரியாது. டாக்டர்கள் பார்த்தார்கள், நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். அந்த விரலால் துணியைப் பிடித்துத்தான் அண்ணிக்கு வேலையே. இப்போது பூவேலை மொத்தமும் வாயாடி செய்கிறாள். அண்ணி நூலும் நிறமும் எடுத்துக் கொடுக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் செயலாளர் வந்தார். அண்ணி ஒன்று விடாமல் சொன்னார். சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தவர், கண்ணில் கருமணி இல்லாத ஏப்ரன் என்றதும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அது எங்க பழைய தலைவரோடதும்மா. நூல் பிரிஞ்சிருச்சு, சரி பண்ணணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அதுக்குள்ள படுத்துட்டாரு. சீக்கு வந்து பாதியா இளைச்சுப் போயிட்டாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"ஒம்பது வருஷமாச்சும்மா அவர் போய். ஏப்ரனையும் கூடவே வச்சுப் புதைக்கிறது எங்க வழக்கம். நான்தான் கட்டி விட்டேன். நாடா பெரிசா இருந்துச்சு... அப்படியே விட்டுட்டேன்."

அண்ணி ஒன்றே ஒன்று கேட்டார். "எங்களுக்கு முன்னாடி உங்க வேலையெல்லாம் யாரு செஞ்சாங்க?"

செயலாளர் எங்கோ பார்த்தபடி, ஒரு தையல்காரரின் ஃபோன் எண்ணைத் தந்தார். திடீரென்று தொழிலையே விட்டுவிட்டாராம். காரணம் யாரிடமும் சொல்லவில்லையாம்.

அன்று மாலை ஐந்து பத்துக்கு அண்ணி அவரை ஃபோனில் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் எல்லாம் கேட்டது. அண்ணி பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. அவர் குறுக்கிட்டார்.

"எத்தனை அங்குலம் வச்சீங்க?"

"இருபத்தாறு."

நான் ஃபோனை நோக்கிக் குனிந்தேன்.

"என்கிட்ட ரெண்டு தடவை வந்தாரும்மா" என்றார் அவர். "முதல் தடவை முப்பத்தஞ்சு. அடுத்த தடவை... முப்பத்தொண்ணு."